மூத்தவன் எவன்

என் புருஷன் ராதோயும் அவன் தம்பி ராங்கெலும் இரட்டைப் பிள்ளைகள். தம்பி என்று நான் எழுதியதை ராங்கெல் பார்த்தால் சண்டைக்கு வருவான். அவனைக் கேட்டால் ராதோய்தான் தம்பி. என் மாமியார், புண்ணியவதி, இருவரிடமும் தனித்தனியாக "நீதான்டா மூத்தவன்" என்று சொல்லி, இருவரிடமும் நன்றாக உபசாரம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

வேறு ஊரில் இது வெறும் வீம்பு. எங்கள் ஊரில் பெரிய தொல்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்குமுன் வரும் மன்னிப்பு ஞாயிறன்று சின்னவர்தான் பெரியவரைத் தேடிப் போய், கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலியோரத்து ப்ளம் மரம் யாருக்கு என்று சண்டை போட்டுப் பிரிந்த இந்த இரண்டு பேரும், வருஷா வருஷம் இஸ்திரி போட்ட சட்டையோடு அவரவர் வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷம் என்னால் சும்மா விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ராங்கெல் மகனோடு இருக்க ஜெர்மனிக்குப் போகிறான், ஒரேயடியாக. இந்த ஞாயிறை விட்டால் ஒருவன் மற்றவனைச் சவப்பெட்டியில்தான் பார்ப்பான். ராங்கெலின் மனைவி கேராவைப் பிடித்தேன்.

"ரெண்டு கழுதையும் ஒரே கூரைக்குக் கீழ வரணும், கேரா."

"எப்படி வரும்? தேடிப் போறவன் சின்னவன் ஆயிடுவானே."

அடுத்த தெருவில் குடியிருக்கும் என் மகள் நெவேனா காலை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டிருந்தாள். அவளே இருவருக்கும் போன் போட்டாள். "என்னால நடக்க முடியாது. நீங்களே வந்து என்னை மன்னிச்சிட்டுப் போங்க."

மன்னிக்கிற வேலை என்றால் கசக்குமா? வந்துவிட்டார்கள். ஒருவனை ஒருவன் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும், அன்றைய வழக்கப்படி, உத்தரத்திலிருந்து சிவப்பு நூலில் பல்லில் ஒட்டிக்கொள்ளும் கெட்டி வெள்ளை அல்வாவைத் தொங்கவிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். கவ்வியவனுக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம். நூலைச் சுழற்றிவிட்டேன். அடுத்தவனுக்கு அதிர்ஷ்டத்தை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மண்டைகள் மோதின. ராங்கெல்தான் கவ்வினான். ஆனால் தலையை இழுத்தபோது அல்வா நூலோடு போய்விட்டது, அவனுடைய மேல்வரிசைப் பல்செட்டையும் கூட்டிக்கொண்டு.

பல் உத்தரத்தில் ஊசலாடியது. கேரா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராதோயும் சிரித்தால் எல்லாம் நாசம் என்று நான் பயந்தேன். அவன் சிரிக்கவில்லை. ராங்கெலின் வாய் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஒரே நொடியில் கிழவனாகிவிட்டான். ராதோய்க்கு அது தன் முகமும்தான்.

நூலைப் பிடித்துப் பல்லைப் பிய்த்தெடுத்தான். தன் ஒயின் கிளாசில் அலசி ராங்கெலின் கையில் வைத்தான். அப்படியே குனிந்து அந்தக் கையை முத்தமிட்டான்.

"மன்னிச்சிருடா. நான்தான் சின்னவன். அம்மா என்கிட்ட சொல்லியிருக்கா."

ராங்கெல் அவசரமாகப் பல்லை மாட்டினான். "பொய் சொல்லாதடா. நான்தான் சின்னவன். கையைக் குடு."

"குடுக்க மாட்டேன். மூத்தவனா அடக்கமா உட்காரு."

"குடுன்னு சொல்றேன்ல."

இருவரும் அடுத்தவன் கையைப் பிடிக்க மல்லுக்கட்டி, நாற்காலியை உடைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பஸ் திருப்பத்தில் மறையும்வரை ராதோய் கையாட்டிக்கொண்டே நின்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தப் பாழாப்போன பல்லு போன வருஷமே கழண்டிருக்கக் கூடாதா, ஸ்டாம்கா?" என்று கேட்டுவிட்டு, பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து அழுதான்.