கெடுவுக்கு முன்னால்

டீ வழக்கத்தைவிட இனிப்பாக இருந்ததற்குத் தன் கைப்பக்குவம்தான் காரணம் என்று ஆன்டோ நினைத்துக்கொண்டான். அவனுடைய அம்மா செபஸ்தியம்மாள் பாதி டம்ளரைக் குடித்துவிட்டு, "பால்காரன் இன்னிக்கி தண்ணிய ஊத்திட்டாண்டா. சீனிய ரெண்டு தரம் போட்டியா?" என்று கேட்டாள்.

"ஒரு தரந்தாம்மா. கைராசி."

அவன் வாயை மூடுவதற்குள் வாசலில் பால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். தாயும் மகனும் ஒருவர் டம்ளரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் புறப்படுமுன் அவன் மனைவி ஜூலியட் பீய்ச்சி, சொம்பில் மூடி, தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் அது. "மத்தியானம் வரைக்கும் புள்ளைக்கு இதுதாங்க. சங்குல ஊத்துங்க. மறந்துராதீங்க" என்று அவள் சொன்னபோது, ஆன்டோ போர்வைக்குள்ளிருந்தே சரி சரி என்றிருந்தான். தூக்கத்தில் அவன் கொடுக்காத வாக்குறுதியே கிடையாது.

செபஸ்தியம்மாள் கொல்லைப்பக்கம் ஓடி மூன்று முறை வாய் கொப்பளித்தாள். கொப்பளித்து முடித்ததும் அவள் கோபம் மகனைத் தாண்டி மருமகளிடம் போயிற்று. அங்கே போவதுதான் அதற்கும் வழக்கம்.

"மாடா அவ, கறந்து வச்சிட்டுப் போறதுக்கு? நாப்பத்தஞ்சு நாள் புள்ளய விட்டுட்டு எவடா டூட்டிக்குப் போவா? அதுவும் யாருக்காவ? பொறந்த வீட்டு நெலத்த மீக்க! கட்டிக் குடுத்த பொண்ணு சம்பளம் புருசன் வீட்டுக்குங்கறது ஊரு வழக்கம். அத மாத்த இவ யாரு?"

ஜூலியட் திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ லீவு மூன்று மாதம், சம்பளம் கிடையாது. உடனே வந்து சேர்ந்தால் எட்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தருகிறேன் என்று டாக்டர் சொன்னார். லீவைப் பாதியில் முறித்துக்கொண்டு அவள் இன்றைக்குத்தான் வேலைக்குக் கிளம்பினாள். தன் சங்கிலியை விற்ற பணத்தோடு இதையும் சேர்த்தால் முப்பதாயிரம். அவள் அப்பா ஜேசுராஜ் தன் ஒரே ஏக்கரை நாகநாதனிடம் ஒத்திக்கு வைத்து வாங்கிய தொகை அது. ஒத்திக்கு வட்டி இல்லை. பணம் கொடுத்தவரே நிலத்தை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். வாங்கிய தொகையைத் திருப்பி வைத்தால் நிலம் திரும்பும்.

"அது சரிம்மா, எங்க மாமனாரு எதுக்கு ஒத்திக்கு வச்சாரு?" என்று கேட்டான் ஆன்டோ.

"எனக்கென்னடா தெரியும்? குடிச்சாரோ, சூதாடுனாரோ."

"அவரு வெத்தல பாக்குகூட போடமாட்டாரேம்மா."

"அப்ப அவரையே போயிக் கேளு" என்று செபஸ்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை எழுந்து அழ ஆரம்பித்தான். பசும்பாலில் தண்ணீர் கலந்து ஊற்றினார்கள்; குடித்த வேகத்தில் அது ஆன்டோவின் சட்டைக்குத் திரும்பி வந்தது. சீனித்தண்ணீர் வாயோரம் வழிந்தது. பத்து மணிக்கு அழுகை மெலிந்து முனகலாயிற்று. கல்யாணம் காதுகுத்துக்கு மைக் செட் போடுகிறவன் ஆன்டோ. எவ்வளவு பெரிய சத்தத்தையும் தாங்குவான். சத்தம் குறைவதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினான்.

ரோட்டுக்குக் குறுக்கு வழி மாமனார் நிலத்து வரப்புதான். உளுந்து பிடுங்கிய வெறும் வயல். அதன் தலைமாட்டில் மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றது. குடையோடு நாகநாதன். அவருக்குப் பத்தடி தள்ளி, தன் நிலத்திலேயே விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ஜேசுராஜ்.

"என்ன ஆன்டோ, மிசினப் பாக்க புள்ளயக் கூட்டியாந்தியா?" என்றார் நாகநாதன். "சித்திர ஒண்ணு வரைக்கும் இது சும்மாதான் நிக்கும். இன்னும் பத்து நாள் இருக்கு."

"ஒத்திக் கெடு முடிய ரெண்டு வருசம் கெடக்கேங்க. அதுக்குள்ள எறால் கம்பெனிக்கு விட்டா எப்புடி?"

"கெடு வரைக்கும் நெலம் என் கையில. நெல்லு போடுவேன், எறாலு போடுவேன். வேணாம்னா சித்திர ஒண்ணுக்குள்ள முப்பதாயிரத்த வைங்க. பஞ்சாயத்துல சொன்ன வாக்கு மாறமாட்டேன்."

வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு. இறாலுக்குக் குட்டை வெட்டி உப்புத்தண்ணீரை ஒரு முறை விட்டுவிட்டால், ரெண்டு வருஷம் கழித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் புல் முளைக்காது. அது நாகநாதனுக்கும் தெரியும், பொக்லைனுக்கும் தெரியும்.

ஆன்டோ மாமனார் பக்கத்தில் குந்தினான். "மாமா, அந்தப் பணத்த எதுக்கு வாங்குனீங்க? ஜூலியட் நர்ஸ் படிப்புக்கா?"

"அதுவா? அது மடத்து சிஸ்டருங்க ஓசியில படிக்க வச்சது மாப்ள."

"அப்பறம் எதுக்கு?"

ஜேசுராஜ் காய்ந்த உளுந்தஞ்செடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினார். "குடும்பம்னா ஒரு செலவு இருக்காதா... பேரன் மொகம் வாடிக் கெடக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள போங்க மாப்ள."

நாகநாதன் குடை குலுங்கச் சிரித்தார். "நெசமாவே ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமேய்யா! வீட்டுல கேளு, வீட்டுல கேளு."

பஸ்ஸில் அந்தச் சிரிப்பும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வந்தது. ஆன்டோ தன்னைப் பற்றி அதிகம் பெருமைப்படுகிற ஆள் இல்லை. கல்யாணமான கையோடு சிங்கப்பூருக்குப் போய், ஏஜென்ட் தந்த பெர்மிட் போலி என்று ஏழே மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன். அம்மா சீட்டுப் போட்டு எடுத்து ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் அத்தனையும் கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் ஒரே ஒரு பெருமை உண்டு. வரதட்சணை வாங்காமல் கட்டிக்கொண்டவன். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். அவனும் நின்றான், ரொம்ப நேரம் நின்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹெட் சிஸ்டர் மறித்தார். "டூட்டி நேரத்துல புள்ளயெல்லாம் கொண்டாரக் கூடாது. மொத நாளே இப்புடியா? முன்பணம் வாங்கறப்ப என்ன சொன்னோம்?"

"சிஸ்டர், தப்பு அவ மேல இல்ல. நான் டீ போட்டுட்டேன்."

ஹெட் சிஸ்டருக்கு அது புரியவில்லை. ஆனால் பிள்ளையின் முனகல் புரிந்தது. "பத்து நிமிசம். அரை நாள் சம்பளத்தப் புடிப்பேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், விரிப்புகள் காயும் கொடிகளுக்கு நடுவே ஜூலியட் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையின் முன்புறம் பால் கசிந்து நனைந்திருந்தது. விடியற்காலையிலிருந்து நின்றதில் பாதம் வீங்கியிருந்தது. வாயில் காம்பு பட்டதும் பிள்ளை இரண்டு கையாலும் அவளைப் பற்றிக்கொண்டான். ஆன்டோ நடந்ததைச் சொன்னான். அம்மா கொப்பளித்ததையும் நடித்துக் காட்டினான். ஜூலியட் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"அழுவாத ஜூலி. இந்தக் காலோட எப்புடி எட்டு மாசம் சம்பளமில்லாம நிப்ப? ஒத்திப் பணத்தக் கொஞ்சம் ஆற அமரக் கட்டக்கூடாதா? எறால் கம்பெனிக்காரன்கிட்ட நான் பேசிப் பாக்கறேன்."

"பேசுறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மா சொல்லமாட்டேங்குது. மாமா செடி புடுங்குறாரு. அந்தாளு சிரிக்கிறான். ஒரு பைசா வாங்காமக் கட்டுனவன் நான். என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்தப் பணத்த உங்கப்பா எதுக்குத்தான் செலவு பண்ணாரு?"

ஜூலியட் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். முகத்தை விரிப்பின் நுனியில் துடைத்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தாங்க. சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்குக் கட்டுனது சீட்டுப் பணம் இல்ல, எங்க நெலம். கோயில்ல நம்ம கல்யாணத்த அறிவிக்கிற மொத ஓல வாசிக்கிறதுக்கு முன்னால முப்பதாயிரம் கைக்கு வரணும், இல்லன்னா ஓல கெடையாதுன்னு உங்கம்மா சொல்லியனுப்புனாங்க. மாப்ள காதுக்குப் போவக்கூடாது, ரோசக்காரன், தெரிஞ்சா தாலி கட்டமாட்டான்னாங்க. அப்பா குடுத்தாரு. நானும் பயந்துகிட்டு வாய மூடிக்கிட்டேன். இப்பப் பயமில்ல. பத்து நாள்ல பணத்த வச்சி நெலத்த எங்கப்பா பேர்லயே மீட்டுருவேன். அதுக்கப்பறம் நீங்க என்கூட இருந்தா, நீங்களா இருக்கறதுதாங்க. யாரும் வெல குடுத்து வாங்குனதா இருக்காது."