ஓரப்பிடி

பாலக்கரை இருதயநாதன் இருபது லிட்டர் பட்டாளத்துக் கேனை ஓர் ஓரம் மட்டும் பிடித்துத் தூக்குவார். மறு ஓரம் ஆளில்லாமலே சேர்ந்து எழும்பி வரும். தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நாளிலெல்லாம் இது நடந்ததால், முதல் வாரம் வேடிக்கை பார்த்தவர்கள் அடுத்த வாரம் அவரவர் குடத்தைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

உலகப் போரில் பெட்ரோல் சுமந்த அந்தக் கேனுக்கு மூன்று பிடி. நடுப்பிடி ஒற்றை ஆளுக்கு, ஓரப்பிடிகள் இரண்டும் இரண்டு ஆளுக்கு. இருதயநாதனும் மனைவி செல்வமேரியும் முப்பத்தொரு வருடம் ஆளுக்கோர் ஓரம் பிடித்து, துணி அலசவும் செடிக்கு ஊற்றவும் மாடிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். மேரி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், நடுப்பிடியைப் பிடித்திருக்க வேண்டிய மனுஷர் பழக்கதோஷத்தில் ஓரப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கேன் எழுந்தது. “மேரி, வந்துட்டியா?” என்றார். நாலடி போவதற்குள் அவர் லுங்கி நனைந்தது. மூடியின் வாஷர் போய் வெகுநாள். தாழ்ந்த பக்கம்தான் தண்ணீர் சிந்தும். மேரி அவர் தோளுயரம்கூட இல்லை, நனைவது எப்போதும் அவள் புடவைதான். இப்போது பிடித்திருப்பது யாரோ நெட்டையான ஆள். பட்டாளத்துக்காரன் ஒருவன் இந்தக் கேனை விடாமல் பிடித்துக்கொண்டு மேரிக்கு இடம் தராமல் இருக்கிறான் என்று முடிவு கட்டி, இருதயநாதன் அவளுக்கு அதே மாதிரி மூன்று பிடி வைத்த வேறு கேன் தேடப் புறப்பட்டார்.

மூன்று வருடத்தில் வீட்டில் இருபத்தாறு கேன் சேர்ந்தது. பாதி, காயலாங்கடை ஹாஜிரா எடுத்து வைத்தவை; சில, துவாக்குடிப் பட்டறைகளில் கெஞ்சி வாங்கியவை. திருவெள்ளறை விவசாயி வீரமலை, மோட்டாருக்கு வைத்திருந்த டீசலைப் பிளாஸ்டிக் கேனுக்கு மாற்றிவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் இருதயநாதன் நிரப்பித் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் நொண்டி நடப்பவன், ஒன்றில் அவசரக்காரன், ஒருவனுக்கு மாடிப்படியே பழக்கமில்லை. அத்தனை பேரும் நெட்டை. “அண்ணே, அண்ணி குள்ளம்ங்கறீங்க. பட்டாளத்துல குள்ளமா ஆள் எடுப்பாங்களா?” என்று ஹாஜிரா கேட்டது நியாயமான கேள்விதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிழவருக்குக் கேன் பைத்தியம் என்றார்கள். வீட்டில் பேச ஆளில்லாத மனுஷர், வேறென்ன செய்வார்.

இருபத்தாறாவது கேனிலும் நெட்டையன் வந்தபோது, அதை நடுத்தெருவில் தொப்பென்று வைத்துவிட்டு, “யாருய்யா நீ? என் வீட்டுக்காரி வர்ற எடத்துல உனக்கென்ன வேலை?” என்று சத்தம் போட்டார். மறுபடி தூக்கியபோதுதான் கவனித்தார். முதல் நாலடி அந்தக் கை ஆசையாக எம்பித் தூக்கியது, பிறகு தொய்ந்துபோனது. மூன்று வருடமாக ஒவ்வொரு கேனிலும் அவர் கையும் அப்படித்தான் தொய்ந்தது. அவனும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு அந்த ஓரத்தைப் பிடித்திருக்கிறான். இந்த ஓரத்தில் இருப்பது ஒரு கிழட்டு இருதயநாதன் என்று தெரிந்து மனம் விட்டுப்போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாகிவிட்டது. மேரி இனி எந்தக் கேனிலும் வரப்போவதில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று அந்தக் கேனில் தண்ணீர் கொண்டுபோய், இருவருமாக மேரியின் கல்லறையைக் கழுவினார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார். பாதித் தண்ணீரை மிச்சம் வைத்துக்கொண்டு, “உங்க ஆளு எங்கய்யா இருக்காங்க?” என்று கேட்டார். கேன் வாசல் பக்கம் இழுத்தது, பஸ் ஸ்டாப்பில் நின்றது, மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறியது.

எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். “தெரியலைங்க. இவர் எறங்குற எடத்துக்கு ரெண்டு” என்றார் இருதயநாதன். கண்டக்டர் கேனைப் பார்த்தார், அதன் மறுபக்கத்தைப் பார்த்தார், கடைசி ஸ்டாப்புக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

“அவரை ஜன்னலோரம் உக்கார வைங்க,” என்றார். “எடம் அடையாளம் தெரியணும்ல.”