தலை வணங்கிய கழுகு

லோ பைகென் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடத்தில் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்; பிறகு மூடுவார். அதற்குள் எதிரில் இருப்பவர் தானாகவே விலையை இறக்கிவிடுவார். சீனாவின் யீவூ சந்தை வட்டாரத்தில் இதைப் பெரிய வியாபாரத் தந்திரம் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

காற்றடைத்த பொம்மைகள் தைக்கும் பட்டறை அவருடையது. கடைத் திறப்பு, கல்யாணம் எதுவானாலும் வாசலில் பொம்மென்று நிற்கும் சிவப்பு வளைவு அதில் பாதி வியாபாரம். மீதிப் பாதி, அமெரிக்காவுக்குப் போகும் அந்நாட்டுச் சின்னமான கழுகு. வெள்ளைத் தலை, மஞ்சள் அலகு, இரண்டு மாடி உயரம். அங்கே சுதந்திர தினத்துக்குக் கார் விற்பவர்கள் அதை வாசலில் நிறுத்துவார்கள். இந்த வருஷம் அந்தப் பக்கம் வரியை ஏற்றினார்கள். இந்தப் பக்கம் பதிலுக்கு ஏற்றினார்கள். அவர்கள் மறுபடியும் ஏற்றினார்கள். எதிரெதிர் மாடிவீட்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வாளித் தண்ணீரை வீச, தெருவில் போன லோ நனைந்த கதை ஆனது. கழுகுகள் மடித்தது மடித்தபடி பட்டறையிலேயே தங்கிவிட்டன.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். ஊர் நிர்வாகத்தின் தொழில் அதிகாரி ஷுவான் கொண்டுவந்த சேதிதான் அவரை உலுக்கியது. அமெரிக்கா கணினிச் சிப் தரமாட்டேன் என்கிறது, ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது மேலிடத்துக் கொள்கை. ஆகவே ஊருக்கு ஊர் ஒரு சிப் பூங்கா. பக்கத்து ஊரில் ஏற்கெனவே வந்துவிட்டது: ஒரு பெரிய வாசல், ஒரு காவலாளி, உள்ளே புல். இந்த ஊரில் அதற்குப் பார்த்து வைத்த இடம் லோவின் பட்டறை. ‘உயர் தொழில்நுட்ப நிறுவனம்’ என்ற பித்தளைப் பலகை பெற்றவர்கள் அங்கேயே இருக்கலாம். மற்றவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அங்கே போனால் தையல் பெண்கள் வரமாட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் லோவுக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது.

திங்கட்கிழமை துணை மேயர் வெங் அம்மையார் பார்வையிட வருவதாக ஷுவான் சொன்னார்.

“லோ முதலாளி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹைடெக் ஆயிடுங்க.”

லோ மூடியைத் திறந்தார்.

“அதை மூடுங்க. இது விலை பேச்சு இல்ல.”

தையல் பெண்களுக்குத் தலைவி ஜின் அக்கா. ஹைடெக் ஆவதென்றால் என்னவென்று அவள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். எல்லோருக்கும் வெள்ளை அங்கி, தலைக்கு உறை. போன கிறிஸ்துமஸ் சரக்கில் மிஞ்சிய நீல விளக்குகளைத் தையல் மெஷின்களில் சுற்றினாள். பார்க்க விண்கலம் மாதிரிதான் இருந்தது. ஷுவான் வந்து பார்த்து, அமெரிக்கக் கழுகின் ஓர் இறகுகூட வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவிட்டார். மறைக்க இடமில்லை. முற்றத்தில் வரவேற்பு வளைவுக்குப் பின்னால் கழுகுகளை அடுக்கி, ‘சொந்தக் காலில் நிற்போம்’ என்று எழுதிய பெரிய சிவப்புத் துணியால் மூடினார்கள். மேலே இருந்தது வாங்குபவர்களுக்கு ஊதிக் காட்டும் மாதிரிக் கழுகு. காற்று ஊதும் ப்ளோவர் எப்போதும் அதோடு இணைத்தபடியேதான் கிடக்கும். பட்டறையின் எல்லா ப்ளோவருக்கும் சுவிட்ச் ஒன்றே. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

துணை மேயர் காரிலிருந்து இறங்கியதும் ஜின் அக்கா சுவிட்சைப் போட்டாள். வளைவு அழகாக எழுந்தது. அதன் பின்னால் சிவப்புத் துணியும் எழுந்தது. முதலில் ஒரு முட்டு, பிறகு ஒரு குன்று. ‘சொந்தக் காலில் நிற்போம்’ ஆடி ஆடி மேலே போய், உச்சியில் தயங்கி, வழுக்கி விழுந்தது.

சிவப்புத் துணி விழுந்தால் கைதட்ட வேண்டும். பலகைத் திறப்பு, சிலைத் திறப்பு, பாலத் திறப்பு என்று பார்த்துப் பார்த்து ஊர் முழுக்கக் கைகளுக்கு அது தானாக வந்துவிட்டது. அதிகாரிகள் தட்டினார்கள். தையல் பெண்கள் தட்டினார்கள். துணை மேயரும் தட்டினார். அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கைதட்டல் ஒவ்வொரு ஜோடிக் கையாக நின்றது. ப்ளோவர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க மௌனத்துக்குள் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தவர் லோ. அந்த வீட்டுக்குள் இப்படி ஒரு பறவை வந்து நிற்கும் என்று அவர் நினைத்ததில்லை. மனிதர்கள் பேசாமல் இருப்பதற்கு அடியில் இவ்வளவு பயம் கிடக்கிறதா என்று யோசித்தார். யோசிப்பதற்கு இது நேரமில்லை என்பதும் தெரிந்தது.

“முதலாளி, இன்னிக்காவது வாயத் திறங்க,” என்று ஜின் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

லோ வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஜின் அக்கா பின்பக்கம் ஓடி, கழுகின் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டாள். காற்று புஸ்ஸென்று போனது. கழுகுக்கு முதலில் அலகு தொங்கியது. பிறகு கழுத்து மடங்கியது. சிறகு இரண்டும் பக்கவாட்டில் ஒடுங்க, வெள்ளைத் தலை மெல்ல இறங்கி வந்து துணை மேயரின் காலணிக்கு முன்னால் தரையைத் தொட்டது.

கூட வந்திருந்த பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் படபடத்தன.

“இது குனியுதா?” என்றார் துணை மேயர்.

“குனியுது,” என்றார் லோ.

சுண்ணாம்பாய் வெளுத்திருந்த ஷுவானின் முகத்தில் ரத்தம் திரும்பியது. நுண்ணறிவுக் காற்றழுத்தக் கட்டுப்பாட்டு அமைப்பு என்றார் அவர். முழுக்க முழுக்க இந்த ஊரிலேயே உருவானது, வெளிநாட்டு உதிரிப் பாகம் ஒன்றுகூட இல்லை என்றார். அதில் பொய்யில்லை, ஜிப் யீவூ சந்தையில் வாங்கியது. துணை மேயர் யோசித்துவிட்டு, இன்னொரு தடவை குனியச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னார்கள். திரும்பவும் கேட்டார். ஜின் அக்காவுக்கு முழங்கை வலித்தது.

பித்தளைப் பலகை அந்த வாரமே வந்தது. சிப் பூங்காவுக்கு வாத்துப் பண்ணை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். படம் எங்கெங்கோ போய், எல்லா ஊர்த் திறப்பு விழாவுக்கும் குனியும் கழுகு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பட்டறை மலை தாண்டவில்லை.

கழுகு வாங்கும் அமெரிக்கருக்கும் அந்தப் படம் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. இதே மாதிரி குனியும் டிராகன் கிடைக்குமா என்று கேட்டு, வரியெல்லாம் தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

டிராகன் என்றால் சீனாவே; அது குனியும்படி தைத்தால் பலகை போகலாம்; பலகை போனால் பட்டறையும் போகும். தைக்காவிட்டால் நல்ல வியாபாரம் போகும். லோ தாமாகவே ஷுவானின் அலுவலகத்துக்கு நடந்து போய் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஷுவான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றுமதி குறைந்தால் அவருக்கும் மேலே கேள்வி வரும்.

“எவ்வளவு குனியணுமாம்?”

“தரை வரைக்கும்.”

“பாதி,” என்றார் ஷுவான். “பாதியில நிக்கணும். கழுகைவிட மெதுவா.”

மறுநாள் வந்து சோதனையையும் பார்த்தார். பச்சை டிராகன் இடுப்புவரை வளைந்து, அப்படியே நின்றது. ஜின் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இது கும்பிடுதா, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?”

“அங்க கேட்டா கும்பிடு,” என்றார் ஷுவான். “இங்க கேட்டா இடுப்புவலி.”

 நாளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வர முடியும் என்று மட்டும் லோ ஜின் அக்காவைக் கேட்டார்.