பட்டாணி படுத்த துணி

அந்த வருடம் எனக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. ஆசைக்கு இல்லை. ஆசைக்கு நாய் வளர்க்கிற உடம்பா எனக்கு? பூனை உரசிவிட்டுப் போனாலே முழங்கை மடிப்பு தடித்துவிடும். கம்பளி ஆகாது, புதுச் சேலையின் கஞ்சி ஆகாது. சொறிந்து சொறிந்து கழுத்துத் தோல் கறுத்துச் சொரசொரவென்று கிடக்கும். மூக்கு வருடம் பூராவும் அடைப்பு.

1960 அது. ஏப்ரலில் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்தது, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் வெங்கடரமணனுக்கு சர்வே ஆபீஸில் வேலை. சத்தியவேட்டில் இருந்தவரைச் சித்தூருக்கு மாற்றி, புது எல்லையை அளக்கிற கூட்டத்தோடு அனுப்பினார்கள். மாதத்தில் இருபது நாள் கேம்ப். நானும் ஆறு வயது மகள் அம்சவேணியும் சித்தூர் கட்டமஞ்சியில் ஒரு வீட்டின் பாதியில் குடியிருந்தோம். மறுபாதியில் வீட்டுக்கார அம்மா ரத்னம்மா. அறுபது வயது, காது பாதிதான் கேட்கும். கிணறும் துணிக் கொடியும் எங்கள் இருவருக்கும் பொது.

ஆவணியில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பின்கதவுக் கொக்கி தூக்கிக் கிடந்தது. பித்தளை அண்டாவைக் காணோம்.

கேம்பிலிருந்து வந்த மனுஷர் விஷயத்தைக் கேட்டதும், "பொட்டிய கட்டு சுந்தரி. எங்கம்மா கிட்ட வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

"சத்தியவேட்டுக்கு நான் வரல."

"அப்ப இங்க யாரு காவலு? ரத்னம்மாவா? இடி வுழுந்தா, யாரு கதவத் தட்றதுன்னு கேக்கற ஆளு அது."

"நாய் வளக்கறேன்."

சிரித்தார். "நீயா? நாய நெனச்சாலே ஒனக்கு அரிக்குமே!"

ஆனாலும் ஒரு கெடு கொடுத்தார். புரட்டாசி முடிவதற்குள் வீட்டில் நாயும் இருக்க வேண்டும், எனக்கு உடம்பும் தடிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி.

மாமியார் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. என் உடம்பில் இருப்பது ஒட்டிக்கொள்கிற வியாதி என்று அவர்களுக்கு நினைப்பு. குழந்தையைக்கூட என் பக்கத்தில் படுக்க விட்டதில்லை. சித்தூருக்கு வந்த பிறகுதான் அம்சவேணி என் வயிற்றின் மேல் காலைப் போட்டுத் தூங்கினாள். அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போக எனக்கு மனசில்லை.

திருப்பதியில் ஒரு ஆபீசர் வீட்டில் வெள்ளை நாய்க்குட்டி கொடுக்கிறார்கள் என்று முதலில் அங்கே போனேன். பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது. மடியில்கூட வாங்கவில்லை, அந்தக் கூடத்தில் அரைமணி உட்கார்ந்ததோடு சரி. திரும்பி வருகிற பஸ்ஸில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கண்டக்டர்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அடுத்த நாள் டாக்டர் கிருபாபாய் அம்மாவிடம் போனேன். இனிமேல் முடி கம்மியான நாயாகப் பார்க்கிறேன் என்றேன்.

"முடிய பாக்காதீங்கம்மா. தோல்லேந்து உதிர்ற பொடியும் எச்சிலுந்தான் ஒங்களுக்கு ஆவறதில்ல. அது எல்லா நாய்க்கும் உண்டு. ஒண்ணு அதிகமா படுத்தும், ஒண்ணு கம்மியா படுத்தும், அவ்ளோதான். எடுக்கறதுக்கு முன்னாடி, அது படுத்த துணிய ஒடம்புல கட்டிப் பாருங்க."

செக்கு வைத்திருந்த கிருஷ்ணப்பா வீட்டு நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. அவர் ஒவ்வொன்றையும் பிடரியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கறுப்பு பாரு, கத்தாம தொங்குது. இதான் வீரன்."

"எனக்கு வீரன் வேணாண்ணா. அரிக்காதது வேணும்."

"அரிக்காத நாயா? நாயே நாள் பூரா சொறிஞ்சிக்கினு கெடக்குது தாயே!"

சிரித்தாலும் நல்ல மனுஷர். பழைய சேலையை மூன்றாகக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு முடிச்சு போட்டது கறுப்புக்கு, இரண்டு முடிச்சு புள்ளிக்கு, மூன்று முடிச்சு பழுப்புக்கு. இரண்டு நாள் குட்டிகளை அதிலேயே படுக்க வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். செக்கு வீட்டுத் துணி, எண்ணெய் கசகசத்தது. இரண்டைக் கொடியில் காற்றாடப் போட்டேன். கறுப்பு படுத்தது பையிலேயே தங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய்வந்து அதைத்தான் முதலில் கையில் சுற்றினேன். மத்தியானத்துக்குள் கை சிவந்து கொப்பளித்தது. அது வற்றின பிறகு புள்ளி படுத்ததைச் சுற்றினேன், ஒன்றுமில்லை. பழுப்பு படுத்ததைச் சுற்றினேன், ஒன்றுமில்லை. டாக்டரம்மா சொன்னது எவ்வளவு சரி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டில் எது வேண்டும் என்று அம்சவேணியைக் கேட்டேன். பழுப்பைக் காட்டினாள். பட்டாணி என்று பேரும் அவளே வைத்தாள்.

பட்டாணி வந்த மூன்றாம் நாள் கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் முகம் முழுக்கப் பரவிவிட்டது.

கிணற்றடியில் உட்கார்ந்து ரத்னம்மாவிடம் புலம்பினேன். அதே நாய் படுத்த துணி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றேன்.

"எந்தத் துணி மே? கொடில தொங்கிச்சே, முடிச்சி போட்ட கந்த, அதுவா? பெருமாள் மாசம், சனிக்கெழமையும் அதுவுமா, நாய் மசுரோட ஆடிக்கினு இருந்திச்சி. நீ கடைக்குப் போயிருந்த. பாவம், ஒண்டியா கஷ்டப்படற பொண்ணுன்னு நானே சீயக்கா போட்டு தேச்சி, நாலு தண்ணி அலசிப் போட்டேன். உபகாரந்தான் கதா?"

உபகாரம்தான். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. சீயக்காய் வாசனை வந்திருந்தாலும் என் மூக்குக்கு எங்கே தெரியப்போகிறது? குட்டியைக் கிருஷ்ணப்பாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம், வாங்கிக்கொள்வார். நாய் போனால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

டாக்டரம்மா களிம்பு கொடுத்தார். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது, வாரம் ஒருதரம் அதைக் குளிப்பாட்ட வேண்டும், ஆனால் நான் தொடக்கூடாது என்றார். வேறு யார் தொடுவார்கள்? ரத்னம்மாவைக் கேட்டேன்.

"ஐப்பசி பொறக்கட்டும் மே. இந்த மாசம் என்ன கேக்காத."

ஐப்பசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தச் சனிக்கிழமையே மனுஷர் வந்து நின்றார். நான் முகமெல்லாம் களிம்போடு கதவைத் திறந்தேன்.

"கண்ணாடில பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப பொட்டிய கட்டு."

"மாட்டேன்."

"பேய் மாதிரி இருக்கற. இன்னா வீம்பு இது?"

"அரிச்சாலும் இங்கியே சொறிஞ்சிக்கினு கெடக்கறேன். அங்க வந்தா எம்பொண்ணு ஒரு மூலைல, நான் ஒரு மூலைல. ஆறு வருஷம் பாத்தாச்சி. சாலு, போதும்!"

என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ரத்னம்மாவின் காதுக்கே எட்டியிருக்கிறது. ஈரத் தலைமுடியும் நாமமுமாக, பெருமாளுக்குத் தளிகை போடக் குளித்துவிட்டு நின்றவர் அப்படியே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டாணியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, துணி துவைக்கிற கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "அம்மா, புரட்டாசி சனிக்கெழமை. குளிச்சிட்டு நாயத் தொடறீங்களே!"

"தெரியும் நைனா. துணிய அலசி இந்தப் பொண்ண ஏமாத்துனது நான். நான் பண்ணதுக்கு அவ ஏன் பொட்டி கட்டணும்? திரும்ப தலைக்கு ஊத்திக்கினு வரேன், பெருமாள் அதுவரைக்கும் பசி தாங்குவாரு. ஏன் மரமாட்டம் நிக்கற? தண்ணி சேந்து!"

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சேந்தினார். பதினோரு வாளி. குட்டி குலுக்கின குலுக்கலில் இரண்டு பேரும் நனைந்தார்கள். ரத்னம்மா தெலுங்கில் ஒருபக்கம் நாயைத் திட்டினார், ஒருபக்கம் என் வீட்டுக்காரரைத் திட்டினார். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்சவேணி கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் தூரத்திலேயே நின்றேன்.

திங்கட்கிழமை அவர் சரி என்றும் சொல்லவில்லை, பெட்டி என்றும் சொல்லவில்லை. கேம்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக பஸ்ஸுக்குப் போனார்.

முகம் வற்ற இன்னும் இரண்டு வாரம் ஆனது. கழுத்து முழுசாக என்றைக்கும் வற்றவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். பட்டாணி பின்கட்டுச் சாக்கில் பதினோரு வருடம் படுத்துக் கிடந்தான். அத்தனை வருடமும் கொக்கியில் எவனும் கை வைக்கவில்லை. ரத்னம்மாவின் பெருமாளுக்காக அவன் குளியல் மட்டும் சனியிலிருந்து வெள்ளிக்கு மாறியது.

அந்தத் திங்கட்கிழமை, அவர் தெருமுனை திரும்பினதும் அம்சவேணியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நாயைக் கட்டிப் பிடித்துவிட்டு வந்தாள். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். ஒரு தரம் கழுவினாள். இன்னொரு தரத்துக்கு அவளை விரட்ட என்னிடம் தெம்பு மிச்சமில்லை.