மழைக்கு முன்னாடி ஒரு தடவை

லிஃப்டில் ஏறி ஒன்பதை அழுத்துகிறவர்களைக் கண்டாலே மூத்தவளுக்கு ஆகாது. அவள் வீடு முதல் மாடியில். ஒன்பதாம் மாடியில் இருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவரின் தம்பி பெண்டாட்டி. ஒரே கட்டடம், ஒரே அளவு வீடு, ஒரே நாளில் பத்திரப்பதிவு. அப்புறம் எதற்கு வயிற்றெரிச்சல் என்று கேட்டால், வேடிக்கையே அங்கேதான் இருக்கிறது.

வாங்கும்போது, பெரியவர்கள் முதலில் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று தம்பி ஒதுங்கி நின்றான். மூத்தவள் வீடுகளைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. விலைப்பட்டியலைத்தான் பார்த்தாள். எது விலை அதிகமோ அது தனக்கு. அந்த நாளில் கீழ் மாடிக்குத்தான் கிராக்கி. லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். மேலே குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பழைய மில்லின் புகைபோக்கி முகத்துக்கு நேரே நிற்கும். அதனால் மாடி ஏற ஏற விலை இறங்கி, ஒன்பதாம் மாடி சீந்துவாரில்லாமல் கிடந்தது. சின்னவளுக்கு அதுதான் கட்டுப்படியாயிற்று. பாவம், ஏறி இறங்கியே இளைத்துவிடுவாள் என்று மூத்தவள் தெரிந்தவர்களிடமெல்லாம் பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் மில்லை இடித்தார்கள். இடித்த இடத்தில் பெரிய குளம் வெட்டி, சுற்றிலும் மரம் வைத்து, நடக்கப் பாதை போட்டார்கள். கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்தது. அதற்கு மூத்தவளும் சரிபங்கு பணம் கட்டினாள், ஏறாத லிஃப்டுக்கு. முன்பக்கச் சாலையை அகலப்படுத்தினார்கள். பஸ்ஸெல்லாம் அவள் வரவேற்பறைக்குள் வந்து ஹாரன் அடிக்காத குறை. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். மேலே குளத்துக் காற்று, கீழே டீசல் புகை. ஒரு சில வருஷத்தில் விலை தலைகீழாகி, ஒன்பதாம் மாடி முதல் மாடியைவிட ஒன்றரைப் பங்கு போகும் என்று ஊரே பேச ஆரம்பித்தது.

சின்னவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையடிக்கவில்லை. அதுதான் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. பீற்றிக்கொண்டால் நாலு பேரிடம் திட்டித் தீர்த்திருக்கலாம். இவளோ பால்கனியில் பூத்ததைப் பறித்துக்கொண்டு வந்து, "அக்கா, உங்களுக்கு" என்று நீட்டுவாள். மேலே வந்து உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். மூத்தவள் போனாலும் குளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

இந்த நிலையில் குளத்துக்கு எதிர்க்கரையில் ஒரு புது அடுக்குமாடி எழும்பியது. மூத்தவள் அதில் பன்னிரண்டாம் மாடியைக் குறிவைத்தாள். ஒன்பதை விடப் பன்னிரண்டு பெரியது. வேறு காரணம் அவளுக்கும் தெரியாது. எதற்கும் தலையாட்டிப் பழகிய அவள் கணவர், முதல்முறையாகக் கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் சேமிப்பு முழுவதையும் அட்வான்ஸாகக் கட்டினார். திருப்பித் தர மாட்டார்கள். மீதியை முதல் மாடி வீட்டை விற்றுத்தான் கட்டியாக வேண்டும்.

விற்றுத்தர வந்தவர் எப்போதும் தொப்பியோடு திரிகிற ஒரு புரோக்கர். தொப்பிக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். சின்னவளின் கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்ததால் ஒன்பதாம் மாடியும் அவர் கையில்தான் இருந்தது.

"முதல்ல மேல் வீடு போகட்டும்மா. உங்களுது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று மூத்தவள் கேட்கவில்லை. விற்பதில்கூடச் சின்னவள்தான் முதலா என்பது மட்டும் காதில் விழுந்தது.

மூத்தவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் பல காலமாக வேலை பார்க்கிறவள். அங்கே அவளுக்கு ஒரு தொழில் சுத்தம் உண்டு. எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். பல் சொத்தையா என்று கேட்டால், தலையை லேசாகச் சாய்த்து, பேனாவை மூடிவைத்து, "எதுக்கும் ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துடறது நல்லது" என்பாள். அவ்வளவுதான். வலியே இல்லாமல் வந்தவனும் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பொய் சொன்னாள் என்று அவளை ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அவள் கணவனும் முதல் மாடிக் கதவைத் தட்டினார்கள். ஒன்பதாம் மாடியைப் பார்த்து, பிடித்துப்போய், விலையும் ஏறக்குறைய பேசி முடித்திருந்தார்கள். கட்டடத்தைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எங்கள் அக்காவைக் கேளுங்கள், உள்ளது உள்ளபடி சொல்வார் என்று சின்னவளே அவர்களைக் கீழே அனுப்பியிருந்தாள்.

மூத்தவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அக்கம்பக்கம், காவலாளி, வாகன நிறுத்தம் என்று எல்லாவற்றையும் புகழ்ந்தாள். கிளம்பும்போது டீச்சர், மேல் வீடு எப்படி என்று கேட்டாள். மூத்தவளின் தலை தானாகச் சாய்ந்தது.

"நல்ல வீடுதான். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கறது. மழைக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கறது நல்லது."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தியபோது மூத்தவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன்.

ஒரு வாரம் கழித்துச் சின்னவள் கண்கலங்கி வந்தாள். பேசி முடித்த விலையிலிருந்து அவர்கள் திடீரென்று தடதடவென இறங்கிவிட்டார்களாம். காரணம் கேட்டால் மழுப்புகிறார்களாம். கணவன் வேலையில் சேர நாள் நெருங்கிவிட்டதால், வேறு ஆள் தேட நேரமில்லாமல் கொடுத்துவிட்டார்களாம். மூத்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எல்லாம் நேரம் என்றாள். பெட்டி படுக்கையோடு வேன் கிளம்பியபோது கையசைத்தாள். சின்னவள் வண்டியிலிருந்து இறங்கி வந்து, பால்கனிச் செடியில் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூத்தவள் செருப்பு அலமாரி மேல் வைத்தாள்.

அப்புறம் தொப்பிக்காரரைக் கூப்பிட்டு, இனி என் வீட்டைப் பாருங்கள் என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே என்னத்தப் பாக்கறதும்மா? கடைசியா வித்த வீடு என்ன விலைக்குப் போச்சுன்னுதான் வாங்க வர்றவன் முதல்ல கேப்பான். மேல் வீடு நல்ல விலைக்குப் போயிருந்தா, அதுலேர்ந்து மாடிக்கு இவ்வளவுன்னு குறைச்சாலும் உங்களுக்குக் கைநிறைய நின்னிருக்கும். அதனாலதான் அதை முன்னாடி விக்கப் பாத்தேன். இப்ப ஒன்பதாவது மாடியே உங்க விலைக்குப் போயிருக்கு. அதுலேர்ந்து எட்டு மாடி இறங்கி வந்தா உங்களுக்கு என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்க."

தொப்பிக்காரர் மேல் வீட்டு ராசியைப் பழித்தார், சந்தையைப் பழித்தார். எதிர்க்கரைக் கட்டடத்தார் கெடு முடிந்ததும் அட்வான்ஸைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்கள். போகட்டும், நமக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று கணவர் சொன்னார். தம்பியும் பாவம் ஏமாந்துவிட்டான் என்றார். அதற்கும் அவள் ஆமாம் போட்டாள்.

முதல் மழை கொட்டி ஓய்ந்த மாலையில் ஒன்பதாம் மாடி டீச்சர் ஒரு கேக் பெட்டியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூத்தவளின் கணவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நன்றி சொல்லாம இருந்தா தப்புக்கா. நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் நாங்க விலையைக் குறைச்சோம். இல்லேன்னா எங்களால வாங்கியே இருக்க முடியாது."

கணவர் பேப்பரை இறக்கினார்.

"என்ன வார்த்தைம்மா?" என்று கேட்டார்.

"மழைக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கறது நல்லதுன்னாங்க சார்." டீச்சரின் தலையும் அப்படியே சாய்ந்தது.

"ஒழுகிச்சா?"

"ஒரு சொட்டுகூட இல்ல சார். இத்தனை மழைக்கும்."

மேலே வந்து குளத்தைப் பாருங்கள், நிரம்பி அழகாக இருக்கிறது என்று அழைத்துவிட்டு அவள் போனாள். கேக் பெட்டி மேஜையில் இருந்தது. வெளியே பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"நான் ஒழுகுதுன்னு சொல்லவே இல்லைங்க" என்றாள் மூத்தவள்.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். கோபித்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் அவளுடைய போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி வீட்டுல நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மூத்தவளுக்குத் தலை சாயவில்லை. அவர் நம்பரைப் போட்டு, போனை அவள் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தவள் சின்னவள்தான்.

"அக்கா, சொல்லுங்கக்கா" என்றாள்.