பாறையை விடாத கைகள்

மோங்கோ மலையிலிருந்து ஷாபியா ஊர்ப்பக்கம் இறங்கும் பாதையில், ஓரிடத்தில் இடது கைப்பக்கம் பாறை; வலது கைப்பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே பைன் மரங்கள், அதற்கப்பால் கடல். அந்த இடத்தில் பாத்திஸ்தே நின்றுவிட்டான்.

பின்னால் வந்த அவன் மனைவி ரெமெய், முதலில் அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். நாற்பது வருஷம் கூரைகளுக்கு ஓடு போட்டவன். மணிக்கூண்டின் விளிம்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றவன். பயந்தாங்கொள்ளி எப்போதும் அவள்தான். காலையில் மலையேறும்போதுகூட, "வனப் பூங்கா ஆபீசுக்கு ஒரு மனு எழுதட்டுமா, என் பொண்டாட்டிக்காக மலை முழுக்கக் கைப்பிடி போடுங்கன்னு?" என்று கேலி செய்துகொண்டே வந்தான்.

"நட, பாத்திஸ்தே. எனக்கு முட்டி வலிக்குது."

"முடியல."

"என்ன முடியல?"

"கால் வரமாட்டேங்குது, ரெமெய்."

அவன் கன்னத்தைப் பாறையோடு ஒட்டி வைத்திருந்தான். இரண்டு கைகளும் பாறை வெடிப்புகளைப் பிடித்திருந்தன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவள் மெல்ல அவன் முதுகில் கை வைத்தாள்.

"தொடாத. தொட்டா விழுந்துருவேன்."

கையை எடுத்துவிட்டாள். அவனைத் தாண்டிப் போக இடமில்லை. பின்னால் இழுக்கவும் வழியில்லை. பேச்சுக் கொடுத்தால் தெளிவான் என்று, மகள் கல்யாணத்தில் நடந்ததையும், பக்கத்து வீட்டு அமாலியாவின் நாயைப் பற்றியும் சொல்லிப் பார்த்தாள். "வாய மூடு" என்றான். பத்து நிமிஷம் கழித்து, "பேசு" என்றான். 

கீழைக்காற்று கடலிலிருந்து மேகத்தைத் தூக்கி வந்து மலைமேல் போட்டது. கடல் மறைந்தது, மரங்கள் மறைந்தன. ரெமெய் அவசர உதவிக்குப் போன் செய்தாள். இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது, ஆட்கள் நடந்துதான் வர வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"எவ்வளவு நேரமாம்?" என்று கேட்டான்.

"இப்ப வந்துருவாங்க."

பொய் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.  சற்று நேரத்தில் அவன் சாம்பல் நிறக் கால்சட்டையின் முன்பக்கம் நனைந்து கறுத்து, ஈரம் முழங்கால்வரை இறங்கியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ரெமெய் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாறையையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மீதமிருந்த கடைசித் தண்ணீர் அதுதான். மூடியைத் திறந்து, அவனைத் தொடாமல், இடுப்பிலிருந்து கால்வரை முழுவதையும் ஊற்றினாள். 

மீட்பு வீரர்கள் இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி நேவுஸ் என்ற இளம்பெண். பாத்திஸ்தேயின் இடுப்பில் கயிற்றைக் கட்டியபடி, "என்ன ஐயா, இப்படி நனைஞ்சிருக்கீங்க?" என்றாள்.

"நான்தான். குடிக்கக் குடுத்தேன், கை தவறிருச்சு" என்றாள் ரெமெய்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். குழந்தையை நடத்துவதுபோல் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவன் ரெமெயைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கால்சட்டையைத் தானே துவைத்தான்.

அடுத்த வாரம் அமாலியா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கூப்பிட்டாள். "பாத்திஸ்தே, சமையல்கட்டுல ஒழுகுது. ஒரே ஒரு ஓடுதான். ஏறிப் பாத்துட்டுப் போயேன்."

"முதுகு சரியில்ல, அமாலியா."

"உனக்கா? எழுவது வயசு ஆம்பள மாதிரி பேசுற."

ரெமெய் துணி உலர்த்திக்கொண்டே இருந்தாள்.  அன்று மத்தியானம் வேறொரு ஆள் ஏணியோடு அமாலியா வீட்டுக்கு வந்தான். அந்தக் கூரையில் ஓடு தட்டும் சத்தம் கேட்கக் கேட்க, பாத்திஸ்தே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். அவள் அதைக் குறைக்கச் சொல்லவில்லை.