பெட்வே தெரு விட்டுப்போனது

அமெரிக்காவின் தெற்கே, ஷ்ரீவ்போர்ட் ஊரில் ஒரு ராப் பாட்டு ஓட வேண்டுமென்றால் அதில் தெருப் பெயர்கள் இருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் அந்தத் தெருக்காரன் துள்ளி எழுவான், போகும்போது ஒரு சி.டி.யும் வாங்கிப் போவான். பகலில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டி, சாயங்காலம் கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சொந்த சி.டி. விற்று, பன்னிரண்டு வருஷமாக 'பிக் டயர்' என்ற பேரில் பாடுகிற ஆர்வெல் பிக்கன்ஸுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான், தாளம் போடும் நண்பன் டூகனோடு சேர்ந்து, பதினைந்து தெருக்களை வரிசையாகக் கூப்பிட்டு 'எந்திரி' என்று ஒரு பாட்டைப் போட்டான். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பெட்ரோல் பங்கில் அது கேட்டது, முடிதிருத்தும் கடையில் கேட்டது, சர்ச் வாசலில் நின்ற காரிலும் கேட்டது.

ஹூஸ்டனிலிருந்து வேன்ஸ் என்ற பாட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். சனிக்கிழமை ஸ்கேட்டிங் அரங்கில் இவன் பாடுகிற கச்சேரிக்கு வருகிறாராம். "அரங்கம் மொத்தமா எந்திரிக்கணும். எந்திரிச்சா அங்கேயே ஒப்பந்தத்துல கையெழுத்து," என்றார். முப்பத்தாறு வயது ராப்பருக்கு இரண்டாவது வாய்ப்பெல்லாம் வராது. முதலாவது வந்ததே பெரிய விஷயம்.

சந்தோஷப்படத்தான் வீட்டில் ஆளில்லை. மனைவி லட்ரீஸ் ஒன்பது நாளாக வாய் திறக்கவில்லை. தட்டில் காய்ந்த ரொட்டியும் டப்பா பீன்ஸும் வந்து விழுந்தன. பிறந்தநாளை மறந்தோமோ என்று பார்த்தான், இல்லை. கல்யாண நாளும் இல்லை. சொட்டுகிற குழாயைச் சரி செய்தான். அப்புறமும் பீன்ஸ்தான்.

வியாழக்கிழமை முடிவெட்டப் போனான். கடைக்காரர் கிளீவன் லட்ரீஸுக்குத் தாய்மாமன். கடையும் வீடும் பெட்வே தெரு முனையில்தான்.

"சனிக்கிழமை கச்சேரியாமே மாப்ளே."

"ஆமா மாமா. நெத்தியில முடியோரம் நேராக் கோடு போட்டு விடுங்க. ஹூஸ்டன் ஆளு வர்றாரு."

கிளீவன் இடது பக்கம் முழுவதையும் அழகாக வெட்டினார். நெற்றியில் பாதிவரைக்கும் கோடு போட்டார். பிறகு மெஷினை நிறுத்தி, கழுத்துத் துணியை உருவி உதறினார்.

"மாமா, வலது பக்கம்?"

"பதினஞ்சு தெருவக் கூப்பிட்டியே, அதுல எவனாவது வெட்டுவான், போ."

ஆர்வெல் உட்கார்ந்தபடியே பாட்டை முணுமுணுத்து விரல் விட்டு எண்ணினான். பதினைந்தும் வந்தன. பெட்வே வரவில்லை. மாமியார் தெரு, மனைவி பிறந்த தெரு, ஞாயிறு தவறாமல் கெளுத்தி மீன் வறுவல் தின்கிற தெரு.

"சனிக்கிழமை நீங்கள்லாம் வர்றீங்களா மாமா?"

"வராம? அறுபது டிக்கெட் வாங்கியிருக்கோம். உக்காந்திருக்கிறதுக்கு."

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினான். பாதி வெட்டிய தலையைப் பார்த்ததுமே, அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்று லட்ரீஸுக்குப் புரிந்தது. ஒன்பது நாளில் முதல்முறையாகப் பேசினாள்.

"மறந்தியா, வேணும்னே விட்டியா? அத மட்டும் சொல்லு."

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மடப்பயல், பொய் சொன்னான். "எதிரொலி வராம இருக்க டூகன் வீட்டுத் துணி அலமாரிக்குள்ள நின்னுதானே பதிவு பண்றோம். பெட்வே வர்ற நேரம் பார்த்து அவங்கம்மா சர்ச்சுலேர்ந்து வந்துட்டாங்க. அப்படியே நிறுத்திட்டோம்."

"சரி," என்றாள். அன்றைக்கு ராத்திரியும் டப்பா பீன்ஸ்தான் வந்தது.

அரங்கில் ஈ நுழைய இடமில்லை. ஆர்வெல் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு மேடையேறினான். முதல் தெருவைக் கூப்பிட்டான், எழுந்தார்கள். பதினைந்தாவது தெருவுக்குள் தரை அதிர்ந்தது. ஓரத்தில் வேன்ஸ் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பதினாறாவதாகப் புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கூப்பிட்டான். "பெட்வே, எந்திரி."

முன்வரிசையில் அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமியார் ஒடெஸ்ஸா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. பக்கத்தில் லட்ரீஸ். இன்னொரு தடவை கூப்பிட்டான். ஒருத்தர்கூட அசையவில்லை. டூகன் தாளத்தை மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒடெஸ்ஸா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "எங்க தெருவ ஏன் பாட்டுல விட்டுட்டீங்க மாப்ளே?"

ஆர்வெல் லட்ரீஸைப் பார்த்தான். மைக் கையில் இருந்தது, ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன் அத்தை. டூகனோட அம்மா மேல பழியப் போட்டேன், அது பொய். வாராவாரம் வர்ற இடமாச்சே, அது ஒரு தெருன்னே எனக்குத் தோணல. வீடுன்னு நெனச்சுட்டேன்."

"வீடுதானே? அப்ப வீடு வீடாக் கூப்பிடுங்க."

பெட்வேயில் ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் இருபது வீடு, எல்லாம் இரட்டைப்படை நம்பர். ஆர்வெல் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"ரெண்டாம் நம்பர், கிளீவன் மாமா. கையில மெஷின் இருக்கு, மனசுல ஈரம் இல்ல."

கூட்டம் சிரித்தது. கிளீவன் முறைத்துக்கொண்டே எழுந்தார்.

"நாலாம் நம்பர், மிஸ் வில்லா. நாய் ரெண்டு, ரெண்டும் என்னக் கடிச்சிருக்கு. ஆறாம் நம்பர், சாமர்ஸ் தாத்தா. என் ஏணிய வாங்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு."

ஒவ்வொரு வீடாக எழுந்தது. பதினான்காவது வீடு முடிந்ததும் வேன்ஸ் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, நான் வந்தது மூணரை நிமிஷப் பாட்டுக்கு. ஊர்க்கதை கேக்க இல்ல. இதோட முடி, இப்பவே கையெழுத்துப் போடலாம்."

இன்னும் ஆறே வீடு. இங்கேயே பாட்டை முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். உட்கார்ந்திருந்த மிச்ச ஆறு வீட்டுக்காரர்களில் லட்ரீஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பதாம் நம்பர்," என்றான் ஆர்வெல்.

வேன்ஸ் நோட்டை மூடிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனார். ஆர்வெலுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷம் காத்துக் கிடந்தவனுக்கு எரியாமல் இருக்குமா? எரிச்சலோடேயே முப்பத்திரண்டைக் கூப்பிட்டான், முப்பத்துநான்கையும் கூப்பிட்டான்.

"நாப்பதாம் நம்பர், ஒடெஸ்ஸா அத்தை. மீன் வறுத்தா முள்ளெடுத்துக் குடுப்பாங்க, திட்டுனா முள்ளோட குடுப்பாங்க."

ஒடெஸ்ஸா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அதே நாப்பதுல பொறந்த லட்ரீஸ்."

அவள் எழவில்லை. அத்தனை பேர் நிற்க, அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக் கதவு என்ன கலரு?" என்று கேட்டாள்.

"நீலம்."

பெட்வேக்காரர்கள் மொத்தமாக உச்சுக்கொட்டினார்கள்.

"இல்ல, இரு. பச்சை. போன ஈஸ்டருக்கு மாத்தினோம். நான்தான் அடிச்சேன், ரெண்டு தடவை அடிச்சேன். கீழ நீ நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நின்னே. விழுந்தா விட்டுட்டு ஓடிருவேன்னு சொன்னே. ஆனா நீ விடல."

லட்ரீஸ் கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.